செருப்போடு போனது

மழை பெய்தால் எங்கள் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண் பைக் சக்கரத்தைச் சுற்றவே விடாது. அதைக் கழுவத்தான் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் பிரஷர் வாஷர் வாங்கினோம். விலை மலிவு என்பதால் தண்ணீரின் வேகமும் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

பருத்திக் காட்டிலிருந்து வந்த கணவரின் பைக்கை முதல் நாள் கழுவி முடித்ததும், "ஏட்டி, அப்படியே என் காலுக்கும் அடி" என்று சேற்றுக் காலை நீட்டினார்.

"செருப்பக் கழத்துங்க, மொதல்ல அதக் கழுவிருதேன்" என்றேன்.

அவர் கழற்றிப் போட்ட செருப்பில் குழாய் முனையைக் கிட்டத்தில் வைத்து அடித்தேன். சேறு போனது; கூடவே ரப்பரும் பிய்ந்து, விரல் நீளத்துக்குப் பள்ளம் விழுந்தது. இருவரும் அவர் காலைப் பார்த்தோம். அவர் கால் கழுவ வாளியையும் மக்கையும் எடுத்துக்கொண்டு போனார்.

நல்லவேளை, அந்தச் செருப்புக்குள் கால் இல்லை. இப்போது அதை மெஷினிலேயே கட்டிவைத்திருக்கிறேன். யார் காலை நீட்டினாலும் அதைத்தான் காட்டுகிறேன்.