பேக் காய்வதற்குள் தீர்ப்பு

பியூட்டி பார்லர் நடத்தும் சகோதரிகளே, புருவம் எடுக்கும்போது நூல் நம் பல்லில் இருப்பதால் நாம் பேச முடியாது. ஃபேஸ் பேக் காயும்போது வாடிக்கையாளர் பேச முடியாது. திண்டுக்கல்லில் பார்லர் வைத்திருக்கும் நான் அந்த நேரத்தில்தான் போனில் செய்தி படித்து, நாட்டுக்கே தீர்ப்பு சொல்வேன். எதிர்த்துப் பேச ஆளில்லாத இடத்தில் எனக்கு அறிவு பொங்கும்.

முதல் தீர்ப்பு

வேடசந்தூர் பக்கம் ஒரு டீச்சர், வகுப்பிலேயே ஒரு சிறுமியின் கூந்தலை வெட்டிவிட்டார் என்று செய்தி. எனக்கு ரத்தம் கொதித்தது. "இவளுக்கெல்லாம் மொட்டை போட்டு நாலு வீதியும் சுத்த விடணும்" என்றேன். நாற்காலியில் சாய்ந்திருந்த பெண்ணின் கண்ணோரம் பேக் ஈரமாகிக்கொண்டே வந்தது. ஏசி காற்று கண்ணை உறுத்துகிறது போல என்று அதைக் குறைத்து வைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

முகம் கழுவி எழுந்தவர் சொன்னார்: "அந்த டீச்சர் நான்தான்க்கா. பிள்ளை முடியில பபிள்கம் அப்பிக் கெடந்துச்சு. வலிக்குதுன்னு அழுதுச்சு, வெட்டி எடுத்தேன். அவ அம்மா புகார் குடுத்துட்டாங்க, நாளைக்கு விசாரணை. அழுத மூஞ்சியோட போனா தப்புப் பண்ணவன்னு நெனச்சிருவாங்கன்னுதான் இங்க வந்தேன்."

கட்சி மாறினேன்

மறுநாள் காலையிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் டீச்சருக்காக வாதாடினேன். மகளுக்கு முடியைச் சமமாக வெட்ட வந்த ஒரு பெண்ணிடமும், "ஒரு பபிள்கம்முக்காக டீச்சர் வேலைக்கு உலை வைக்கிறவ எல்லாம் ஒரு அம்மாவா?" என்று கேட்டேன். ஒரு பக்கம் காதுவரை மட்டுமே முடியிருந்த அந்தச் சிறுமியின் தலையைப் பார்த்த பிறகாவது நிறுத்தியிருக்கலாம்.

அந்தப் பெண் மகளைத் தன்னோடு அணைத்துக்கொண்டு சொன்னார்: "காய்ச்சல்ல கெடந்தவ பொழச்சு வந்ததுக்கு மாதாவுக்கு நேந்து வளத்த முடிக்கா. வெட்டுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடக் கூடாதா? செய்தி போட்டவுகளும் இத எங்கிட்டக் கேக்கல."

செய்தியில் வராதது

விசாரணையில் டீச்சர் அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டாராம். தாயும் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டாராம். இதை எந்தச் செய்தியிலும் காணோம். டீச்சர் புருவம் எடுக்க வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. "அப்பாடா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு" என்று அதற்கும் ஒரு தீர்ப்பு சொன்னேன்.

"வேலை தப்பிச்சிருச்சுக்கா. ஆனா பேப்பர் வெட்டக் கத்தரிக்கோல எடுத்தாலே பிள்ளைங்க தலையப் பொத்திக்குதுங்க" என்றார் டீச்சர்.

இப்போதும் செய்தி படிக்கிறேன், தீர்ப்பும் சொல்கிறேன்; அதற்கு முன் நாற்காலியில் இருப்பவரின் ஊர், பேர், வேலை மூன்றையும் விசாரித்துக்கொள்கிறேன், நான் திருந்தியது அவ்வளவுதான்.