டி. கல்லுப்பட்டிக்குப் போன ஓசிக் காகித ஆல்பம்

மதுரை தல்லாகுளத்திலிருந்து கிளம்பியபோது காலை ஏழரை. டி. கல்லுப்பட்டியில் தோழி செல்விக்கு வளைகாப்பு. பெற்றோர் இல்லாத அவளுக்குத் தாய்வீட்டுப் பக்கம் என்று சொல்ல, விடுதியில் ஒரே அறையில் இருந்த நான் மட்டும்தான். ஜவுளிக்கடை நோட்டீஸ், நகைக்கடைக் காலண்டர், மிஞ்சிய கல்யாணப் பத்திரிகை என்று சும்மா கிடைத்த காகிதங்களை வெட்டி, எங்கள் பழைய படங்களைச் சுற்றி ஒட்டி, ஒரு மாதமாக அவளுக்கு ஆல்பம் செய்திருந்தேன்.

பெரியார் பஸ் நிலையத்தில் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இருபது கிலோமீட்டர் தள்ளித் திருமங்கலத்தில் இறங்கிய பிறகுதான் பார்த்தேன், ஆல்பம் இருந்த துணிப்பை கையில் இல்லை. பஸ் அதற்குள் மதுரைக்குத் திரும்பக் கிளம்பியிருந்தது. பஸ் நிலைய அலுவலர் நடத்துநருக்குப் போன் போட்டார்.

"சீட்டுல ஒண்ணும் இல்லையாம்மா. யாரோ எடுத்துட்டாக போல."

வெறுங்கையோடு எப்படிப் போவது? நல்லவேளை, படங்கள் போனில் இருந்தன. ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டேன். ஓவிய நோட்டு, கத்தரிக்கோல், பசை வாங்கினேன். பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைக் கடைக்காரரிடம், மிஞ்சிய கார்டு இருக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"போன வருச மாடல் கார்டு, எடைக்குத்தான் போடணும். அள்ளிட்டுப் போங்க தங்கச்சி" என்றார்.

கல்லுப்பட்டி பஸ்ஸில் மடியில் பரப்பி வெட்ட ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த அக்கா விசாரித்தார். சொன்னேன்.

"அம்புட்டும் ஓசியாவா குடுத்தாரு?" என்று சிரித்தவர், பசையை வாங்கித் தடவிக் கொடுத்தார். முன் இருக்கையிலிருந்த அவர் கணவர் சட்டைப் பையிலிருந்து ஒரு டிராக்டர் விளம்பரத்தை நீட்டினார்.

"வளைகாப்புக்கு டிராக்டரா? கூறு இருக்கா உங்களுக்கு?"

"ஏன், பொறக்கப்போற பிள்ள ஓட்டாதா?"

ஒட்டினோம். டிராக்டர் இருக்கையில், படத்திலிருந்து வெட்டிய செல்வியும் நானும். பஸ் குலுங்கியதில் செல்வி சக்கரத்தின் மேல் சாய்ந்துவிட்டாள்.

பதினொரு மணிக்குச் செல்வி வீடு சேர்ந்தேன். பாதிப் பக்கங்கள் வெறுமை. நடந்ததைச் சொல்லி நோட்டை நீட்டினேன். டிராக்டரைப் பார்த்த செல்வி, புது வளையல்கள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவள் மாமியார் நோட்டை வாங்கி, "தாய்வீட்டுச் சீரு வந்திருச்சு" என்று கூடத்துக்கே காட்டினார். பிறகு, "இம்புட்டுத் தாளு சும்மா கெடக்கே" என்று பசையோடு உட்கார்ந்துவிட்டார். வளையல் பெட்டி அட்டை, பொட்டு அட்டை, சீயக்காய் உறை என்று வந்திருந்த பெண்கள் ஆளுக்கொன்று ஒட்டினார்கள்.

மாலை நாலு மணிக்கு விடைபெற்றேன். என் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டி, பஸ்ஸில் தொலைத்த ஆல்பத்தில் ஒரு மூலைகூடப் பிசகவில்லை. இதிலோ நேரான பக்கம் ஒன்றுகூட இல்லை. ஆனால், "இது நான் ஒட்டுனது" என்று விரல் வைத்துக் காட்ட இதற்கு அத்தனை பேர் இருந்தார்கள்.

பஸ் ஏறும்போது, வழியனுப்ப வந்த செல்வியின் மாமியார் என் கையில் ஒரு பையைத் திணித்தார். கனத்தது. பலகாரம் என்று நினைத்துத் திறந்தால், உள்ளே பழைய காலண்டர்களும் நோட்டீஸ்களும்.

"பிள்ளைக்கும் ஒண்ணு ஒட்டணும்ல? இப்பவே ஆரம்பிச்சிரு தாயி!"