பஞ்சு போன பண்டாரவளை

வளைந்த ஊசியைப் பல்லிடையே கடித்தபடியே ஷரிபுதீன் கதைப்பார். நிந்தவூர் பிரதான வீதியோரம் அவருடைய குஷன் கடை. பஸ் சீட், ஆட்டோ சீட், கல்யாண வீட்டு சோபா எல்லாம் அங்கே உரித்துப்போட்ட கோலத்தில் கிடக்கும். தைத்து முடித்த சீட்டை முதலில் உள்ளங்கையால் அமுக்கிப் பார்ப்பார். பிறகு, "பஞ்சு, வா புள்ள" என்று உட்பக்கம் பார்த்துக் கூப்பிடுவார். வெள்ளைப் பெட்டையாடு ஒன்று வந்து சீட்டில் ஏறும். ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துவிட்டால் வேலை சரி. படுக்காமல் நின்று முழித்தால் ஊசி மறுபடி இறங்கும். ரோமத்தைத் தட்டித் துடைத்த பிறகுதான் சீட் கைமாறும். வாடிக்கைக்காரர்கள் சிரிப்பார்கள், அவர் சிரிப்பதில்லை.

பிறந்தன்றே தாயை இழந்த குட்டி அது. பால்போத்தலில் வளர்ந்தது, தையலில் மிஞ்சிய பஞ்சுக் குவியலில் படுத்தது. பெயரும் அப்படித்தான் வந்தது.

இறைச்சி தின்னாத மனிதர் என்று யாரும் எண்ண வேண்டாம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மாட்டில் ஒரு பங்கு குர்பான் கொடுத்து, தன் பங்கு இறைச்சியைச் சோற்றுக்கு ஆணமாக்கி வயிறாரத் தின்பவர்தான். அதைச் சுட்டிக்காட்டிக் கேட்டால், "அது வேற, இது வேற" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியாது.

பெருநாள் கழிந்ததும் கடை நான்கு நாள் பூட்டியிருக்கும். வருடத்தில் அவருக்கு லீவு என்றால் அதுதான். மனைவி றினோஸாவை ஏற்றிக்கொண்டு சொந்த ஆட்டோவிலேயே பண்டாரவளைக் குளிரை அனுபவிக்கப் போய்வருவார். முதல் வருடம் பஞ்சுவை றினோஸாவின் தங்கை வீட்டில் விட்டுப் போனார்கள். மூன்று நாளும் அது கேற்றடியிலேயே நின்று கத்தியது. இலையைக்கூட முகர்ந்து பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. அடுத்த வருடத்திலிருந்து பின்சீட்டில் பாதி றினோஸாவுக்கு, பாதி பஞ்சுவுக்கு.

றினோஸாவுக்கு இது பெரிய வெட்கம். "எல்லாச் சந்தியிலயும் ஆட்டுக்கு விலை கேக்கானுகள்" என்பது அவருடைய முறைப்பாடு. அக்கரைப்பற்றைத் தாண்டும்வரை முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டபடி வருவார். அடுத்த முறை ஆடு வந்தால் தான் வரமாட்டேன் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். ஒவ்வொரு வருடமும் வருவார்.

இந்த வருடம், மொனராகலைக்குப் போகும் காட்டு வீதியில் பொலிஸ் மறித்தது. சார்ஜன்ட் சிங்களவர். பக்கத்தில் நின்ற பிரசாந் என்ற கான்ஸ்டபிள் தமிழில் சொன்னார்: அந்தப் பக்கத்தில் ஆட்டுக் களவு அதிகமாம். ஆடு ஏற்றிப்போக அனுமதிப் பத்திரம் வேண்டுமாம். இல்லையென்றால் ஆடும் ஆட்டோவும் ஸ்டேசனுக்குப் போகும், பிறகு நீதவான் கோட்டுக்கு. நான்கு வருடமாக ஒருவரும் மறிக்காததால் அப்படியொரு பத்திரம் இருப்பதே ஷரிபுதீனுக்குத் தெரியாது.

"எங்க கொண்டு போறீங்க, நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் பிரசாந்.

"பண்டாரவளைக்கு. சுத்திப் பாக்க."

"ஆட்டையா?"

"ஓம். லீவுக்கு."

இதை மொழிபெயர்க்கலாமா என்று பிரசாந் சற்றுத் தயங்கினார். பிறகு சொன்னார். சார்ஜன்ட்டின் முகம் இறுகியது. தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்திருப்பார். கயிற்றைப் பிடித்து ஆட்டை இறக்கி, வீதித் தடையின் இரும்பில் கட்டினார். பஞ்சு ஷரிபுதீனைப் பார்த்துக் கத்தியது. அவர் ஆட்டோ ஹேண்டிலை விடாமல் பிடித்தபடியே இருந்தார்.

இறங்கி வந்தது றினோஸாதான். சீட்டுக்கடியிலிருந்து ஒரு பையை இழுத்தெடுத்து, அங்கே போட்டிருந்த மேசையில் கவிழ்த்தார். ஈரச்சாக்கில் சுற்றிய பலா இலைக் கட்டு, தண்ணீர்க் கிண்ணம், படுக்கும் பழைய துணி, கடைசியாக ஒரு குளிர்ச்சட்டை. சோபாவுக்குப் போடும் தடித்த வெல்வெட் துணியில் தைத்தது. நான்கு கை. பொத்தான் முதுகில்.

"தம்பி, இதையும் சார்ஜன்ட் சேருக்குக் காட்டுங்க" என்றார் றினோஸா. "களவெடுத்து அறுக்கக் கொண்டு போற ஆட்டுக்கு ஆரும் சட்டை தைப்பாங்களா எண்டு கேளுங்க."

சார்ஜன்ட் சட்டையை விரித்துப் பார்த்தார். கால் நுழையும் கைகளில் ஒவ்வொன்றாக விரலை விட்டுப் பார்த்தார். தையலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார்.

"போட்டுக் காட்டட்டாம், நானா" என்றார் பிரசாந்.

ஷரிபுதீன் இறங்கி வந்து தார் வீதியில் முழங்காலிட்டார். சட்டையைக் கண்டதும் பஞ்சு கத்துவதை நிறுத்தியது. யாரும் சொல்லாமலே வலது முன்காலைத் தூக்கிக் கொடுத்தது. அது நுழைந்ததும் இடதுகாலை, பிறகு பின்கால்களையும். அவர் முதுகுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். அந்த உச்சி வெயிலில் வெல்வெட் சட்டை போட்ட ஆடு சாதுவாக நின்றது.

சார்ஜன்ட் தானே போய்க் கயிற்றை அவிழ்த்தார். அடுத்த வருடம் மிருக வைத்தியரிடம் கடிதம் எடுத்து, அனுமதியும் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்று பிரசாந் மூலமாகக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

வெல்லவாய தாண்டியதும், பையைக் காட்ட வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று ஷரிபுதீன் மெல்லக் கேட்டார்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றார் றினோஸா. அவருடைய கை பஞ்சுவின் முதுகில் கிடந்தது.

மறுநாள் காலை, பண்டாரவளைக்கு மேலே மலைவீதியின் ஒரு வளைவில் ஆட்டோவை நிறுத்தினார்கள். பனிமூட்டம் விலக, கீழே தேயிலைச் சரிவும் அதற்கப்பால் மலைமேல் மலையும் தெரிந்தன. வேன்களில் வந்தவர்கள் போனை நீட்டிப் படமெடுத்தார்கள். பஞ்சு அதற்கெல்லாம் முதுகைக் காட்டி, வடிகான் ஓரத்துப் புல்லில் தலையைக் குனிந்து நின்றது.

ஷரிபுதீன் பக்கத்தில் குந்தினார். வாயிலிருந்த புல்லை அது மென்று முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு அதன் தாடைக்குக் கீழே இரண்டு விரலைக் கொடுத்து, முகத்தை மெதுவாகப் பள்ளத்தாக்கின் பக்கம் திருப்பினார்.