டேங்க் மூடியில் சுற்றிய கவர்

"...ஒத்த ஓட்ட போட்டா டின்னுல இருந்து எண்ணெ எறங்குமா? காத்து பூர இன்னொன்னு வேணும்ல? டேங்கு மூடில கவரு சுத்தினீங்களே, அத்த எடுங்க" என்றாள், பின் சீட்டில் பிரசவ வலியில் துடித்த என் மனைவி. கல்வராயன் மலையில் எங்களுக்கு மளிகைக் கடை.

கொஞ்ச தூரம் ஓடினால் நிற்பதும், ஆறவிட்டால் கிளம்புவதும் எங்கள் பழைய காரின் வழக்கம். பிளக், பம்ப் மாற்றியும் தீரவில்லை. அன்று மலைப்பாதையில் மூன்றாம் முறை நின்றது. அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். எனக்குச் சாவியே நுழையவில்லை.

மழைநீர் இறங்காதிருக்க நான் சுற்றிய கவர், மூடியின் காற்றுத் துளையை அடைத்திருந்தது. திருகியதும் புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. கவரை எடுத்தேன், வண்டி கிளம்பியது.

இப்போதெல்லாம் எந்த ஓட்டையையும் அடைக்குமுன் அவளைக் கேட்கிறேன்.

அன்று அந்தக் கவரைப் பிடுங்கிக் கைக்குள் கசக்கிக்கொண்டவள், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மகள் பிறந்த பிறகுதான் கையைத் திறந்தாள்.