நிறைஞ்ச நாளில் நிலா இல்லை

1. வேதக்காரி

ஜோதிட ஆப் கம்பெனியில் சேர்ந்த முதல் நாள், மேனேஜர் கிரண் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "மேடம், உங்களுக்கு ஜோசியத்துல நம்பிக்கை உண்டா?"

"இல்ல சார். நான் வேதக்காரி."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சூப்பர் மேடம்! நம்மளுதும் வேதிக் அஸ்ட்ராலஜிதான்."

பெங்களூர் காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்த எனக்கு வேதக்காரி என்றால் கிறிஸ்தவள். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், மற்றதெல்லாம் இங்கிலீஷ் என்று வளர்ந்த கிரணுக்கு, நான் நான்கு வேதமும் ஓதிய குடும்பத்திலிருந்து வந்தவள். திருத்தலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். முப்பது வருடம் தமிழ் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். திருத்துவது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. ஆனாலும் வேலை வேண்டியிருந்தது, வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கம்பெனியில் நான் பார்த்த முதல் மொழிபெயர்ப்புத் தவறு நானேதான்.

என் பதவியின் பெயர் லாங்குவேஜ் குவாலிட்டி, தமிழ். ஆப்பில் ஆட்கள் கேள்வி கேட்பார்கள். மெஷின் அதை இங்கிலீஷாக்கும். அதில் உள்ள முக்கியமான சொல்லைப் பிடித்து, தயாராக இருக்கும் பதில்களில் ஒன்றை எடுக்கும். அதைத் திரும்பத் தமிழாக்கி அனுப்பும். அந்தத் தமிழ் மனிதர்கள் படிக்கிற மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. தயாராக இருக்கும் பதிலுக்கு டெம்ப்ளேட் என்று பெயர். பச்சை டெம்ப்ளேட் என்றால் நல்ல செய்தி. சிவப்பு என்றால் கெட்ட செய்தி. பச்சை வந்தவர்கள் சந்தோஷமாக ஆப்பை மூடிவிட்டுப் போவார்கள். சிவப்பு வந்தவர்கள் பயந்துபோய், காசு கட்டி ஜோதிடரிடம் பேசுவார்கள். கம்பெனிக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2. ரத்தம் பொங்கும்

ஆப்பில் பௌர்ணமி சிவப்பு. அது எனக்கே உறுத்தியது. சாப்பாட்டு நேரத்தில், எங்கள் ஜோதிடர்களில் ஒருவரான நாகராஜ ஜோயிஸரிடம் கேட்டேன். மைசூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், கொஞ்சம் கன்னட வாசனையோடு.

"நோடி, இங்க பாருங்க மேடம், சூரியன் இங்க, சந்திரன் எதிர்ல ஏழாம் வீட்டுல." தயிர் டப்பாவை மேஜையின் ஒரு கோடியிலும் ஊறுகாய் பாட்டிலை மறு கோடியிலும் வைத்தார். "நேருக்கு நேர். சூரியன் ஆத்மா, சந்திரன் மனசு. அன்னிக்குத்தான் சந்திரனுக்கு முழு பலம். முழுச் சந்திரன் சுபக் கிரகம். தேய்ஞ்சு போனாத்தான் பாபி. பௌர்ணமி பூரண திதி. இதுல என்ன கெட்டது?"

"அப்ப ஆப்ல ஏன் சிவப்பு?"

"மனசு பொங்கும், தூக்கம் வராதுன்னு ஒரு பேச்சு இருக்கு. கத்தி வைக்கக் கூடாதுன்னும் சில பேர் சொல்வாங்க. அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டாங்க."

"நீங்க போன்ல கூப்பிடறவங்ககிட்ட உண்மையைச் சொல்லலாமே?"

"சொன்னா கால் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும். என் ரேட்டிங் போயிடும். நீங்க ஊறுகாய் எடுத்துக்கோங்க."

கோபம் வந்தது. ஆனால் அவரை மட்டும் திட்டி என்ன பயன்? என் பங்கும் இருந்தது. பௌர்ணமி டெம்ப்ளேட்டுக்கு மெஷின் போட்ட தமிழ் இது: "உங்கள் திரவங்கள் உயர்ந்த அலையில் உள்ளன." யாருக்கும் புரியவில்லை, அதனால் யாரும் பயப்படவில்லை. நான்தான் உட்கார்ந்து அதை நல்ல தமிழாக மாற்றினேன்: "பௌர்ணமியில் உடம்பில் ரத்தம் பொங்கும். கத்தி படக் கூடாது." அந்த வாரம் கிரண் என் நாற்காலி வரைக்கும் வந்து கை கொடுத்தார். "மேடம், தமிழ்ல கால்ஸ் பிச்சிக்கிட்டுப் போகுது!" எனக்கும் பெருமையாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

3. புதன்கிழமை

ஒரு புதன்கிழமை காலை, முந்தின நாள் போன பதில்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வியில் கை நின்றுவிட்டது. பிரேசர் டவுனிலிருந்து மல்லிகா என்ற பெண் அனுப்பியது.

"என் வீட்டுக்காரருக்கு இதயத்தில் மூணு அடைப்பு. வியாழக்கிழமை ஆபரேஷன். நிறைஞ்ச நாள்ல வருது. பண்ணலாம்தானே?"

போன பதில் சிவப்பு. பௌர்ணமி. ரத்தம் பொங்கும். கத்தி படக் கூடாது.

சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். வியாழன் அமாவாசை.

தமிழ் வீடுகளில் நிறைஞ்ச நாள் என்றால் அமாவாசை. நிலாவே இல்லாத நாளுக்கு ஏன் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் தமிழ் பேசும் யாருக்கும் அதில் சந்தேகம் வராது. நல்ல நாள் என்று கடை திறப்பார்கள், வண்டி வாங்குவார்கள். மெஷின் அதை "ஃபுல் டே" என்று படித்திருக்கிறது. ஃபுல் என்றதும் ஃபுல் மூன். வானத்தில் நிலா எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடும் சாஃப்ட்வேர் எங்கள் கம்பெனியில் மூன்றாம் மாடியில் இருந்தது. பதில் சொல்லும் சாஃப்ட்வேர் நான்காம் மாடியில். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

கிரணிடம் ஓடினேன்.

"ஓ, எட்ஜ் கேஸ், எப்பவோ ஒண்ணு வர்றது. டெக் டீமுக்கு எழுதி ஒரு டிக்கெட் ரெய்ஸ் பண்ணுங்க மேடம். அடுத்த ஸ்பிரிண்ட்ல எடுத்துக்கலாம்."

"ஸ்பிரிண்ட் எப்போ?"

"இன்னும் ரெண்டு வாரம்."

"ஆபரேஷன் நாளைக்கு."

அவர் லேப்டாப்பைத் திருப்பி ஏதோ பார்த்தார். "அமாவாசைன்னா நம்ம சிஸ்டம்ல இன்னும் மோசம் மேடம். டார்க் ரெட். கன்னடம், ஹிந்தி எல்லாத்துலயும் அப்படித்தான். கரெக்ட் பண்ணி அனுப்பினா அவங்க இன்னும் பயப்படுவாங்க. சும்மா விடறதே பெட்டர்."

"தமிழ்ல அது நல்ல நாள் சார்."

"ஒரே நாள் எப்படி மேடம் ரெண்டு கலர்ல இருக்கும்?"

நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி அது. பதில் சொல்ல நான் நிற்கவில்லை.

4. போன்

வாடிக்கையாளரை நேரடியாகக் கூப்பிடக் கூடாது என்பது விதி. திரையில் நம்பர் இருந்தது. படிக்கட்டுக்குப் போய் என் போனிலிருந்து கூப்பிட்டேன்.

"மல்லிகாவா? நீங்க ஆப்ல கேள்வி கேட்டீங்கல்ல, அங்கருந்து பேசறேன்."

"அய்யோ, இன்னும் பரிகாரம் பாக்கி இருக்கா?"

"பரிகாரம் எதுவும் இல்லம்மா. தப்பு. எங்க தப்பு. நிறைஞ்ச நாள்னு நீங்க எதைச் சொன்னீங்க?"

"அமாவாசையைத்தான். இதுகூடத் தெரியாமயா ஜோசியம் சொல்றீங்க?"

"தெரியாமத்தான் சொல்லியிருக்கோம். உங்களுக்கு வந்தது பௌர்ணமிக்கான பதில். நாளைக்கு வானத்துல நிலாவே கிடையாது."

அழுகிற குரல் வந்தது. "ரத்தம் பொங்கும்னு போட்டிருந்தீங்களேம்மா. நான் இப்பத்தான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நாளைக்கு வேணாம்னு சொல்லிட்டேன். அடுத்த தேதி மூணு வாரம் ஆகும்கிறாங்க. அந்த மனுஷனால மாடிப்படி ஏற முடியல. பாதியில உக்காந்துக்கறாரு."

"ரத்தம் பொங்கும்னு எழுதினது நான்தான்," என்றேன். வேறு என்ன சொல்வது?

"நீங்களா? ஏன்மா அப்படி எழுதினீங்க?"

கிரண் வந்து கை கொடுத்தது ஞாபகம் வந்தது.

"சரி, இப்பச் சொல்லுங்க," என்றாள். "நாளைக்கு நல்ல நாளா? நீங்க சொன்னா கூட்டிட்டுப் போறேன்."

நாள், கிழமை எதையும் நான் நம்புகிறவள் இல்லை. எல்லாம் சுத்தப் பொய், டாக்டர் பேச்சை மட்டும் கேள் என்று ஒரு பிரசங்கம் செய்ய நாக்கு துடித்தது. செய்திருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். அவள் போனை வைத்திருப்பாள்.

"இதை யார் முதல்ல நல்ல நாள்னு சொன்னது?"

"மாமியார்தான். நிறைஞ்ச நாள், பயப்படாதேன்னாங்க. நான்தான் எதுக்கும் ஒரு தடவை கேட்டுப்போம்னு..."

"அவங்க சொன்னது சரி. நாளைக்கு நிறைஞ்ச நாள்தான். இப்ப ஆஸ்பத்திரி நம்பரைக் குடுங்க. மூணு பேரும் சேர்ந்து பேசலாம்."

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தேதி போடுகிற பெண் போனை எடுத்தாள். நான் கேட்டேன். காலையில் வேண்டாமென்று சொன்ன இடம் வேறு யாருக்காவது போய்விட்டதா?

"நாளைக்கா? ஃப்ரீயாத்தான் இருக்கு மேடம்," என்றாள். "அமாவாசைன்னா இங்க பாதிப் பேரு வர மாட்டாங்க. ஒரே கேன்சல். தமிழ்க்காரங்களுக்குப் பார்த்துத்தான் அந்த டேட்டே குடுப்போம். இவங்களும் கேன்சல் பண்ணாங்களா, டாக்டரே, 'ஏன், இவங்க தமிழ்தானே'ன்னு கேட்டாரு."

மல்லிகா அழுகையோடு சிரித்தாள். அதே இடத்தை அவள் வீட்டுக்காரர் பேரிலேயே திரும்பப் போடச் சொன்னேன்.

5. இரண்டு நிறம்

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு வார்னிங் லெட்டர் வந்தது. வாடிக்கையாளரைச் சொந்தப் போனில் அழைத்ததற்காக. கையெழுத்துப் போட்டேன். போடும்போது கிரணிடம் சொன்னேன்: "அந்தப் பௌர்ணமி வரியை எடுத்துட்டேன் சார். பழைய மெஷின் தமிழையே திரும்பப் போட்டுட்டேன்."

"ஏன் மேடம்? நல்லா இருந்துச்சே?"

"அதனாலதான்."

கம்பெனி பாடம் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்ல மாட்டேன். அடுத்த மாதமே புது வசதி வந்தது. தமிழ் மொழியில் ஆப் வைத்திருந்தால் அமாவாசை பச்சை. கன்னடத்தில் வைத்திருந்தால் கருஞ்சிவப்பு. எங்கள் ஊரில் புருஷன் போனில் கன்னடமும் பெண்டாட்டி போனில் தமிழும் இருக்கிற வீடுகள் எத்தனையோ. ஒரே கட்டிலில் படுத்திருப்பவர்களில் ஒருவருக்கு நல்ல நேரம், இன்னொருவருக்குப் போதாத காலம். ஜோயிஸர் இதைக் கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்துச் சிரித்தார். "மேடம், சந்திரனுக்கே லாங்குவேஜ் செட்டிங் வந்துடுச்சு."

நான் அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். பெரிய வீரம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தப்பைத் திருத்தினால் அவர்கள் மாறுவார்கள். இவர்களுடைய தப்பைத் திருத்தினால் அதற்கு ஒரு பட்டன் வைக்கிறார்கள்.

அதற்கு முன்பே, ஆபரேஷன் நடந்து பத்து நாள் கழித்து, மல்லிகா கூப்பிட்டிருந்தாள்.

"அம்மா, செவ்வாய்க்கிழமை டிஸ்சார்ஜ்னு சொல்றாங்க. செவ்வாய் வேணாம், புதன்னா நல்லதுன்னு மாமியார் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?"

"அவரா? இந்த உப்பில்லாத கஞ்சியை இன்னொரு வேளை குடிக்க மாட்டேன், இப்பவே ஆட்டோ கூப்பிடுன்னு கத்தறாரு. வராண்டா வரைக்கும் அவரே நடந்து போயிட்டாரு."

"நடந்தாரா? மூச்சு வாங்கலயே?"

"இல்லம்மா. என்னைத் திட்டிக்கிட்டே நடந்தாரு."

"டாக்டர் சொன்ன அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க."

இந்த மாதிரிக் கம்பெனிகளுக்கு இப்போது நிறைய இளம்பிள்ளைகள் மொழி வேலைக்குப் போகிறீர்கள். நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். பயந்துபோன ஒருவர் ஒரு சொல்லைச் சொன்னால், அதற்கு என்ன பொருள் என்று முதலில் அவரையே கேளுங்கள். கேட்க நேரமில்லை, விதி இடம் கொடுக்கவில்லை என்றால் அந்த வரியைத் தொடாதீர்கள். கெட்ட விஷயத்தை மோசமான தமிழில் விட்டுவைத்தால் யாருக்கும் புரியாது, யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதை நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தால், யாரோ ஒருத்தி படித்துவிட்டு ஆபரேஷனை ரத்து செய்வாள்.