சாய்வு நாற்காலிக்குத் தண்ணீர்

என் கணவருக்குக் காசம் என்று தெரிந்தபோது அவருக்கு மைன்ஸில் வேலை பெர்மனென்ட் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊசி, மாத்திரை, பால், முட்டை, பகலெல்லாம் வெளியில் காற்றாடப் படுத்திருப்பது, இவ்வளவுதான் வைத்தியம். எடை ஏறினால் பிழைத்துக்கொள்வார், ஏறாவிட்டால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அந்த டாக்டர்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது.

குவார்ட்டர்ஸ் வாசலில் போடுவதற்குப் பிரம்புச் சாய்வு நாற்காலி வாங்க நானே பண்ருட்டிக்குப் போனேன். கடைக்காரர் வார்னிஷ் பளபளக்கும் ஒன்றையே தள்ளிவிடப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தேன். அடியெல்லாம் ஒட்டுப்போட்ட பிரம்பு. யாரிடம் விற்கிறார்! கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்காத பின்னலாகப் பார்த்து எடுத்து, பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்தேன்.

வாங்கியதைவிட அதைப் பராமரிப்பதுதான் பெரும்பாடு. நிலக்கரித் தூசி பின்னலுக்குள் போய் அப்பிக்கொள்ளும். தினமும் பிரஷ்ஷால் தட்ட வேண்டும். நாள் முழுக்க ஆள் படுப்பதால் ஒரே வாரத்தில் பிரம்பு தொய்ந்து தூளி மாதிரி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பாயில் படுக்கவைத்துவிட்டு, நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கம் தண்ணீர் தெளித்து நிழலில் காயவைப்பேன். காய்ந்ததும் பின்னல் இறுகிக்கொள்ளும்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு ஞாயிறு பார்த்தால் பின்னல் தொய்யவே இல்லை. அடுத்த வாரமும் அப்படியே. எனக்குத் தலைகால் புரியவில்லை. நோய்க்குப் பயந்து வேலிக்கு அப்பால் நின்றே பேசும் பக்கத்து வீட்டு அம்மாளிடம் என் கைப்பக்குவத்தைப் பீற்றிக்கொண்டேன். தன் வீட்டு நாற்காலி குழிந்துபோனதைச் சொல்லி அவள் அலுத்துக்கொண்டாள்.

மூன்றாவது ஞாயிறு அவரை எழுப்பக் கை கொடுத்தேன். வழக்கமான பலத்தோடுதான் இழுத்தேன். மனிதர் அப்படியே வந்து என்மேல் மோதினார். பிடித்து நிறுத்தினேன், கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. பின்னலை இறுக்கி வைத்திருந்தது என் தண்ணீர் இல்லை.

அவர் பாயில் உட்கார்ந்து நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல பிரம்பா பாத்து வாங்கிக்கினு வந்துட்ட. எம்மா நேரம் படுத்துக்கினு இருந்தாலும் குழியவே இல்ல பாரு."

"ஆமாங்க" என்றேன்.

தெளிக்காமல் விட்டால் ஏன் என்று கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில், அன்றும் நாற்காலியைக் கவிழ்த்து, அவர் கண்ணெதிரே தண்ணீர் தெளித்தேன்.