கர்த்தர் அனுப்பிய காதல் கதை

எனக்கு இதயத்தில் ஒரு நோயும் வருத்தமும் இல்லை என்று டொக்டர் சொன்ன அன்றுதான் நான் அதிகமாக அழுதேன். வருத்தம் இருந்தால் ஒரு மருந்தோடு போய்விடுமே என்று நம்பியிருந்தேன்.

போன வருடம் கார்த்திகை மாதம், உயர்தரப் பரீட்சையின் முதல் நாள். வினாத்தாளைத் திருப்பியதும் நெஞ்சு அடைத்தது. மூச்சு வரவில்லை. செத்துவிடுவேன் என்று நினைத்து எழும்பி வெளியே ஓடினேன். அதன்பிறகு பஸ் ஏற முடியவில்லை. நாவற்குடாவில் இருந்து, பரீட்சை மண்டபம் இருக்கும் ரவுனுக்குப் போக கல்லடிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பாலம் கண்ணில் பட்டாலே கை குளிர்ந்துவிடும். டொக்டர் இதற்குப் பதகளிப்பு, அதாவது மனப்பதற்றம் என்று பெயர் சொல்லி, கிளினிக்குக்கு வரச் சொன்னார். ஓட்டோவில், அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு போய்வந்தேன்.

சபையாரே, வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் நீங்கள் எனக்காகச் செபிக்காத வாரமே இல்லை. அம்மா என் தலையில் எண்ணெய் பூசி, வீடு அதிரச் செபிப்பார். பயப்படாதே என்ற வசனங்களை எல்லாரும் சொல்லித் தந்தீர்கள். அவை எனக்கும் மனப்பாடம், என் பயத்துக்கும் மனப்பாடம். கடைசியில் பெரிதாக எதையும் கேட்க வெட்கமாகிவிட்டது. என் நெஞ்சு அடிப்பதை நானே எண்ணிக்கொண்டிராத ஒரு காலைப்பொழுதைத் தாரும் ஆண்டவரே என்று மட்டும் கேட்டேன்.

நம் சபையின் புத்தக அலுமாரியைப் பார்ப்பவர் றோஸ் அன்ரி. சுவிஸில் இருக்கும் நம்மவர்கள் பெட்டியில் அனுப்பும் புத்தகம் எல்லாவற்றுக்கும் பிரவுண் பேப்பர் உறை போட்டு, ‘செபம்’, ‘விசுவாசம்’ என்று எழுதி ஒட்டி அடுக்கிவிடுவார். வெளிநாட்டுச் சபையில் இருந்து வந்தால் அது ஆவிக்குரியதாகத்தான் இருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. அப்படி வந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் அட்டையில், ஒரு பெண்பிள்ளை கண்ணை மூடி, தலையைக் குனிந்து, இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அன்ரி அதை ‘செப’த்தில் சேர்த்துவிட்டார்.

“வாசி மகள், இங்கிலீசும் வரும், விசுவாசமும் வரும்” என்று என்னிடம் தந்தார்.

அந்தப் பிள்ளை செபிக்கவில்லை. அவளுக்கு மூச்சு வரவில்லை. முதல் அத்தியாயத்திலேயே பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு பேக்கரி வாசலில் குந்திவிடுகிறாள். அங்கே வேலை செய்யும் பொடியன் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறான். அடக் கடவுளே, இது காதல் கதை!

திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் நான் கண்டும் இராத ஒரு நாட்டில், என் நெஞ்சுக்குள் நடப்பது ஒருவருக்கு எப்படித் தெரிந்தது? அதை அறியவே அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பிறகு இன்னொரு சிக்கல். அவள் ஒவ்வொரு நாளும் தன்னைப் பார்க்கத்தான் அந்த இடத்தில் இறங்குகிறாள் என்று பொடியன் நினைத்துக்கொண்டான். இவள் உண்மையைச் சொல்வாளா, மாட்டாளா? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் வாசிக்க முடிந்தது.

ஒருநாள் அம்மா சோறு தின்னக் கூப்பிட்டார். நிமிர்ந்து பார்த்தால் வெயில் உச்சிக்கு வந்திருந்தது. விடிந்ததில் இருந்து என் நெஞ்சை நான் ஒருதரம்கூட எண்ணவில்லை. கேட்ட காலைப்பொழுது கிடைத்துவிட்டது! எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது.

அம்மாவிடம் ஒளிக்கவில்லை. கர்த்தர் காதல் கதையிலா பேசுவார் என்று முகத்தைச் சுளித்தார். ஆனாலும் றால் உரித்துக்கொண்டே கதையைக் கேட்டார். அடுத்த நாள் அவராகவே வந்து, “மறுகா என்ன நடந்தது? அந்தப் பொடியனுக்கு அவள் சொன்னாளா?” என்றார்.

சொன்னாள். உனக்குப் பயம் வரும் நேரம் நான் என்ன செய்ய வேண்டும் என்று அவன் கேட்டான். ஒன்றும் வேண்டாம், பக்கத்தில் இரு என்றாள். கடைசிப் பக்கம்வரை அவளுக்குச் சுகம் வரவில்லை. எனக்குக் கோபம். கதை எழுதுகிறவருக்கு ஒரு சுகத்தை எழுத என்ன கஷ்டம்? அம்மா மட்டும், அவன் கேட்டதை இன்னொருதரம் சொல்லச் சொன்னார்.

இந்த வருடம் பரீட்சைக்கு முந்தின நாள் அம்மா எண்ணெய்ப் போத்தலோடு வந்தார். அதைத் திறக்காமல் என் பக்கத்தில் இருந்தார்.

“உனக்கு நான் என்ன செய்யணும் மகள்?”

அவ்வளவு செபத்துக்குள்ளும் இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. பஸ்ஸுக்குள் சத்தமாகச் செபிக்க வேண்டாம், பக்கத்தில் மட்டும் இருங்கள் என்றேன். வாயை மூடிக்கொண்டு வருவது அம்மாவுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். மறுநாள் பஸ் பாலத்தில் ஏறியதும் பயம் வந்தது. அம்மா அசையவில்லை, என் கையைக்கூடப் பிடிக்கவில்லை. பஸ் மறுகரையில் இறங்கியது. பரீட்சை மண்டபத்திலும் பயம் வந்தது. இது எவ்வளவு நேரம் நிற்கும், பார்ப்போமே என்று இருந்தேன். மணி அடிக்கும்வரை எழுதினேன்.

பரீட்சைப் பெறுபேறு இன்னும் வரவில்லை. வந்தபிறகு சாட்சி சொல் என்று சிலர் சொன்னார்கள். பெறுபேற்றுக்கு முன்னமே கர்த்தர் பதில் தந்துவிட்டார், அதனால் காத்திருக்கவில்லை. அவருக்கே ஸ்தோத்திரம். வேண்டியதைத் தயங்காமல் கேளுங்கள். எந்த வாசலால் வர வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

எனக்கு இன்னும் நடுக்கம் வரும். உங்களில் யாருக்காவது அப்படி வந்தால், ஆராதனை நேரம் நான் பின்வரிசை வாங்குப் பலகையில் இருப்பேன். வந்து பக்கத்தில் இருங்கள். ஒன்றும் சொல்லத் தேவையில்லை.